என்ட்ரிக்கு மூன்று ரூபாய்

"நானூத்தி எண்பத்தேழா? இன்னிக்குப் பன்னெண்டாம் தேதிதானே ஆகுது!"

சாலமோன் வாத்தியார் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் கத்தினார். ஆலய அலுவலக அறையில் வேறு யாரும் இல்லை. வெளியே ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, திரையின் வலது மூலையில், சிவப்பு எழுத்தில் '487 / 500' என்று நின்றது.

பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் நடுவே இருக்கிற அந்த ஆலயத்துக்கு அவர் பொருளாளராகி மூன்று மாதம்தான் ஆகிறது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஆலயக் கணக்கு என்ன பெரிய கணக்கு என்று ஒப்புக்கொண்டார். அதோடு விட்டாரா? எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியே தீர வேண்டும் என்று கமிட்டியில் எழுந்து நின்று பேசினார். 'கணக்குமணி' என்று ஒரு மென்பொருள். கீழ்க்கட்டளையில் கம்பெனி. இன்டர்நெட் வழியாகவே எழுதலாம், ரசீது அடிக்கலாம். மாதம் ஐந்நூறு என்ட்ரி வரைக்கும் எழுநூற்றைம்பது ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு என்ட்ரிக்கும் மூன்று ரூபாய்.

"ஐந்நூறுக்கு மேல போச்சுன்னா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார்.

"போகாது. போனா என் பாக்கெட்லேர்ந்து தர்றேன்!"

இந்த வாய் இருக்கிறதே, இந்த வாய்! யாராவது அவரிடம் காசு கேட்டார்களா? சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன?

ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் ஒன்பது வருஷம் பொருளாளராக இருந்த எபிநேசரின் நோட்டுப் புத்தகங்களை எடுத்து, ஒவ்வொரு மாதத்தின் கடைசி வரிக்கும் போட்டிருந்த நம்பரைப் பார்த்தார். 187. 194. 199. ஒரு மாதம்கூட இருநூறைத் தாண்டவில்லை. சரி, அதைப்போல் இரண்டரை மடங்கு இடம் விட்டுத்தானே ஐந்நூறு திட்டத்தை எடுத்தார்? ஒரு கணக்கு வாத்தியார் இதற்கு மேல் என்ன ஜாக்கிரதையாக இருக்க முடியும், சொல்லுங்கள்!

ஆகஸ்ட் மாதம் 911 என்ட்ரி. செப்டம்பர் மாதம் 896. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து இரண்டாயிரத்து நானூற்று இருபத்தொரு ரூபாயைப் பென்ஷனிலிருந்து எடுத்துக் கட்டினார். மனைவி ஹில்டாவிடம் ஸ்கூட்டர் ரிப்பேர் என்று சொல்லி வைத்தார்.

இதோ மூன்றாவது மாதம். அக்டோபர். பன்னிரண்டாம் தேதியே கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. அறுப்பின் பண்டிகை வேறு இருபத்தாறாம் தேதி வருகிறது.

அவர் செல்போனை எடுத்து கணக்குமணி கம்பெனி ருக்சாருக்கு அடித்தார். வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்பது அந்தப் பெண்ணின் வேலை. மூன்று மாதமாக அவள் பெரும்பாலும் ஒரே வாடிக்கையாளரின் குறையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், இன்னிக்கு சண்டே சார்."

"எங்களுக்கு சண்டேதாம்மா வேலையே! உங்க மெஷின் இஷ்டத்துக்கு எண்ணுது. என்னம்மா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"சிஸ்டம் தப்பா எண்ணாது சார். நீங்க ஒண்ணு போட்டா ஒண்ணு எண்ணும்."

"ஒம்பது வருஷமா இருநூறைத் தாண்டாத சபைம்மா இது! மெஷின் வந்ததும் தொள்ளாயிரம் ஆயிடுமா? அதே ஜனங்க, அதே காணிக்கை!"

"ஒரே காணிக்கைக் கவரை ரெண்டு தடவ ஏத்திட்டீங்களான்னு பாருங்க சார்."

பார்த்தார். ஒன்பது கவர்களை இரண்டு தடவை ஏற்றியிருந்தார். கண்ணாடியைத் துடைக்காமல் வேலை செய்ததன் பலன். மகிழ்ச்சியோடு ஒன்பதையும் அழித்தார். 478 ஆகும் என்று மூலையைப் பார்த்தார்.

496.

"என்னம்மா இது, அழிச்சா ஏறுது?"

"டெலீட் பண்றதும் ஒரு என்ட்ரிதான் சார்."

"போட்டதுக்கும் காசு, எடுத்ததுக்கும் காசா? பகல் கொள்ளையா இருக்கே! சரி, நான் அழிக்கவே இல்ல, போ. எல்லாத்தையும் பழையபடி வெச்சுடறேன்!"

ரோஷத்தோடு ஒன்பதையும் மறுபடி உள்ளே கொண்டுவந்தார். 505.

"சார், திரும்ப எடுக்கறதும்..."

"தெரியுது!"

ஆனால் இரட்டைக் கவர்கள் கணக்கில் இருக்கக் கூடாதே. நாளைக்குத் தணிக்கைக்காரன் கேட்பானே. அழித்தே ஆக வேண்டும். அழித்தார். 514. ஒரு புதுக் கவரைக்கூடத் தொடாமல் எல்லையைத் தாண்டிய ஒரே பொருளாளர் உலகத்தில் அவராகத்தான் இருக்கும்.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் எபிநேசர் நாலு பேருக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எபி அண்ணன் என்றால் அந்தச் சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் உயிர். நல்ல குரல், தாராளமான கை, யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆள். கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று முடிவானதும், "அந்த மெஷினோட நமக்குச் சரிப்பட்டு வராதுப்பா" என்று சிரித்த முகத்தோடு பொறுப்பை விட்டு விலகியவர்.

"என்ன வாத்தியாரே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? மெஷின் பேஜார் பண்ணுதா?"

"ஐந்நூத்திப் பதினாலு எபி. பாதி மாசம்கூட ஆகல."

"ஐந்நூறா!" எபி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "எங்காலத்துல பண்டிகை மாசத்துல கூட இருநூறு தாண்டினது கிடையாதேப்பா. நாப்பது ரூபா நோட்டு. கரண்ட்டும் வேணாம், பாஸ்வேர்டும் வேணாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாலமோனுக்குக் காதெல்லாம் சூடானது.

"எனக்குப் புரியவே இல்ல எபி. எப்படி இவ்வளவு வருது?"

எபி அவர் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போனார். "நீங்க பளபளன்னு ரசீது அடிச்சுக் கையில குடுக்கறீங்க. ரசீது ஆசைலதான் ஆளாளுக்குக் கவர் போடறாங்க. சின்னச் சின்னதை எல்லாம் ஒண்ணாச் சேர்த்துப் போட்டுடுங்க வாத்தியாரே. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

நல்ல மனுஷன். போட்டிக்காரராக இருந்தும் வழி சொல்கிறாரே என்று சாலமோனுக்கு மனசு நெகிழ்ந்தது.

அன்றைக்கு வந்த கவர்களில் இருபது ரூபாய்க்கு உட்பட்டவை அறுபத்திரண்டு இருந்தன. அறுபத்திரண்டையும் கூட்டி, 'சில்லறைக் காணிக்கை' என்று ஒரே என்ட்ரியாகப் போட்டார். ஒரே ஒரு எண்தான் ஏறியது. அறையிலேயே எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டார்.

புதன்கிழமை டெபோரா டீச்சர் வந்தார். அவர் வருகிற வேகத்திலேயே தெரிந்தது.

"வாத்தியாரே, என் ரசீது எங்க?"

"டீச்சர், அது வந்து, சின்னத் தொகையெல்லாம் சேர்த்து..."

"நான் ஆறு கவர் போட்டேன். கேஸ் சிலிண்டர் சொன்ன நாள்ல வந்ததுக்குப் பத்து ரூபா. பெரியவ காலாண்டுல கணக்குல பாஸ் பண்ணினதுக்குப் பத்து ரூபா. போன வாரம் ஒரு நாள் கூட ராத்திரி கரண்ட் கட் ஆகாம இருந்ததுக்குப் பத்து ரூபா. ஒவ்வொண்ணும் ஒரு ஜெபம் வாத்தியாரே!"

"ஆறையும் ஒரே கவர்ல போட்டா ஆண்டவருக்குத் தெரியாதா டீச்சர்?"

கேட்டிருக்கக் கூடாது. டீச்சரின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே ரோடு வரைக்கும் போனது.

"பைபிள்ல வர்ற அந்த ஏழை விதவை ரெண்டு காசு போட்டப்போ ஆண்டவரே தனியா நின்னு கவனிச்சாரு. நீங்க அதுக்குச் சில்லறைன்னு பேர் வெக்கறீங்க! யாரு சில்லறை? நான் சில்லறையா?"

அவர் பின்னாலேயே இன்னும் பன்னிரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் சில்லறைகள். எல்லோருக்கும் கோபம். போதகர் தேவாசீர்வாதம் ஓடி வந்து சமாதானம் செய்தார். அவர் போன வருஷம்தான் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்தவர், சத்தம் என்றாலே பயப்படுவார்.

"வாத்தியாரே, தயவு செஞ்சு தனித்தனியாவே போட்டுடுங்க. ஒரு பேர் விடுபடக் கூடாது."

மொத்த என்ட்ரியை அழிக்க ஒன்று. தனித்தனியாகப் போட அறுபத்திரண்டு. எழுதி முடித்தபோது மூலையில் 578. மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு என்ட்ரி நஷ்டம்.

இனிமேல் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் சரி என்று சாலமோனுக்குத் தோன்றியது. படித்த ஜனங்கள்தானே, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்ள மாட்டார்களா? வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

"அன்பானவர்களே, நீங்கள் போடும் ஒவ்வொரு கவரையும் கம்ப்யூட்டரில் ஏற்ற மூன்று ரூபாய் செலவாகிறது. இதைக் கருத்தில் கொண்டு, தயவுசெய்து கவர்களைக் குறைத்து, தொகையைக் கூட்டிக் கொடுக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்."

கூட்டம் அமைதியாகக் கேட்டது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் செய்தி சபை முழுக்கப் பரவியது. சாலமோனுக்குப் பரம திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பைகள் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தன. மேஜையில் கொட்டினார். வழக்கமான கவர்கள் வழக்கம்போல் வந்திருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. அவற்றோடு நூற்று எழுபத்து நாலு குட்டிக் கவர்கள் தனியாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று ஒற்றை ரூபாய் நாணயங்கள். மேலே, அழகான கையெழுத்தில், 'கம்ப்யூட்டர் செலவுக்கு'. கீழே பெயர், விலாசம்.

"ஐயோ!" என்றார் சாலமோன்.

"பாத்தீங்களா வாத்தியாரே, ஜனங்களோட அன்பை!" என்று போதகர் உருகினார். "நீங்க வாயைத் திறந்து கேட்டீங்க, உடனே குடுத்துட்டாங்க."

"ஐயா, இந்த மூணு ரூபாயை ஏத்தறதுக்கு மூணு ரூபா செலவு ஆகும்!"

"ஆனா பேர் விடுபடக் கூடாது வாத்தியாரே. டெபோரா டீச்சரும் போட்டிருக்காங்க."

கணக்கு வாத்தியார் மனசுக்குள் பெருக்கினார். நூற்று எழுபத்து நாலு பெருக்கல் மூன்று, ஐந்நூற்று இருபத்திரண்டு. வரவு ஐந்நூற்று இருபத்திரண்டு. செலவும் ஐந்நூற்று இருபத்திரண்டு. இதில் வரவு ஆலயத்துக்கு. செலவு மட்டும் அவர் பாக்கெட்டிலிருந்து! எந்த ஊர் நியாயம் இது? அன்று மாலை வரை தட்டித் தட்டி ஏற்றினார். விரல் வீங்கியது. மூலையில் 940.

அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஆலய வளாகத்தில் பந்தல். ஜனங்கள் கொண்டுவந்த வாழைத்தார், தேங்காய், சேவல், கேக், முறுக்கு எல்லாம் மேடையில் குவிந்திருந்தன. எல்லாவற்றையும் ஏலம் விட்டு அந்தப் பணம் ஆலயத்துக்கு. சாலமோன் மேடையின் ஓரத்தில் மேஜை போட்டு, மைக் செட் சம்பந்தத்திடம் கெஞ்சி ஒரு வயர் இழுத்து, கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தார். ஒரு பொருள் போனால் ஒரு என்ட்ரி, ஒரு ரசீது. பொருள் நூற்றைம்பதுக்கு மேல் போகாது, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம் என்று நினைத்தார்.

இந்தச் சபையின் வழக்கத்தை அவர் மறந்துவிட்டார்.

ஏலம் விட எபியைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யார்? முதலில் போதகரம்மா தோட்டத்துப் பூசணிக்காய். முந்நூறு ரூபாய்க்கு ஒருவர் எடுத்தார். எடுத்தவர் அதைத் தொடக்கூட இல்லை, கையை மட்டும் உயர்த்தினார்.

"திரும்ப விடுங்கண்ணே!"

பந்தல் முழுக்கக் கைதட்டல். எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வது அங்கே ஒரு கௌரவம். பூசணிக்காய் மறுபடி முந்நூற்றைம்பதுக்குப் போனது. எடுத்தவரும் கையை உயர்த்தினார்.

"திரும்ப விடுங்க!"

ஒரே பூசணிக்காய். எட்டுத் தடவை. எட்டு ரசீது. எட்டாவது தடவை ஐந்நூறு ரூபாய் கொடுத்து எடுத்தவர் ஏலம் விட்ட எபி அண்ணனே! அவரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"இன்னா சார் இது?" என்று சம்பந்தம் மேஜைப் பக்கம் குனிந்து கேட்டார். "ஒரே காய்க்கு எத்தினி பில்லு போட்டுகினே இருப்ப நீ?"

சாலமோனுக்குப் பொறுமை போய்விட்டது. இந்தக் காயை ஒழித்துக்கட்ட ஒரே வழிதான் இருக்கிறது.

"அறுநூறு!" என்று எழுந்து கத்தினார்.

"வாத்தியார் அறுநூறு!" எபியின் குரல் கணீர் என்று ஒலித்தது. "ஒருதரம்! ரெண்டுதரம்! மூணுதரம்!"

சாலமோன் மேடையேறி, பூசணிக்காயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

போதகர் மைக்கில் நெகிழ்ந்தார். "நமது பொருளாளர் அவர்களும், எல்லோரையும் போல, இதை மறுபடியும் ஆலயத்துக்கே..."

"இல்ல ஐயா! நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்! சாம்பாருக்கு!"

பந்தலே குலுங்கிச் சிரித்தது. வாத்தியாருக்கு எவ்வளவு நகைச்சுவை என்று பேசிக்கொண்டார்கள். எபி சிரித்தபடியே அவர் கையிலிருந்து காயைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கினார். "பத்தாவது தடவ! யாரு கேக்கறீங்க?"

பதினோராவது தடவை சம்பந்தம் நாற்பது ரூபாய்க்குக் கேட்டார். மைக் செட்காரர் கேட்கிறாரே என்று மற்றவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அவர் மட்டும்தான் பூசணிக்காயை எடுத்து சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். அன்றைக்கு சாலமோன் கையெடுத்துக் கும்பிட்ட ஒரே மனிதர் சம்பந்தம்தான். ஆனால் அதற்குள் பண்டிகைக்காரர்கள் சேவலைத் திரும்ப விட ஆரம்பித்திருந்தார்கள்.

மாதம் முடிந்தபோது மூலையில் 1402. கூடுதல் தொள்ளாயிரத்து இரண்டு. கட்ட வேண்டியது இரண்டாயிரத்து எழுநூற்று ஆறு ரூபாய்.

"ஸ்கூட்டருக்கு மறுபடியும் ரிப்பேரா?" என்று ஹில்டா கேட்டாள். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். அந்தக் குரலைச் சாலமோனுக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

"ஆமா. இஞ்சின்..."

"அஞ்சாயிரத்து நூறு ரூபாய்க்கு ரிப்பேரா? அந்த ஸ்கூட்டரையே வித்தா நாலாயிரம் வராது! பூசணிக்காய் அறுநூறு தனி, அதையும் வீட்டுக்குக் கொண்டு வரல. என்ன நடக்குது?"

சொல்லிவிட்டார். வேறு வழியில்லை. ஹில்டா இட்லித் தட்டை மேஜையில் வைத்த சத்தத்தில் பக்கத்துப் போர்ஷன் நாய் குரைத்தது.

"சபைக்குக் குடுக்கறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. குடுத்ததை மறைச்சீங்க பாருங்க, அதான் தாங்கல. உங்களுக்கு என்ன தலையெழுத்தா? அந்த மெஷின் தப்பா எண்ணுதுன்னா, அந்தக் கம்பெனிக்காரியைக் கூட்டிட்டு வந்து கமிட்டி முன்னாடி ஒத்துக்க வெச்சுக் காசைத் திருப்பி வாங்குங்க. சரியாத்தான் எண்ணுதுன்னா, லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வீட்ல வந்து உக்காருங்க. ரெண்டுல ஒண்ணு. இந்த ஞாயித்துக்கிழமை!"

நவம்பர் இரண்டாம் தேதி, ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. சாலமோனின் சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. எதிரே ருக்சார், ஷேர் ஆட்டோ பிடித்து வந்தவள், ஒரு கட்டு அச்சடித்த தாள்களோடு உட்கார்ந்திருந்தாள். பழைய வழக்கத்தை எடுத்துச் சொல்ல எபி அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தன் ஒன்பது வருஷ நோட்டுகளையும் மேஜை மேல் அடுக்கி வைத்திருந்தார்.

சாலமோன் எழுந்தார். மூன்று மாதக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்! மனுஷன் எண்ணினா இருநூறு, மெஷின் எண்ணினா தொள்ளாயிரம். இது என்ன நியாயம்? நான் ரிட்டயர்டு ஆளு. என் பென்ஷன்ல மண்ணைப் போட்டுட்டீங்க. எழுநூறு என்ட்ரி இல்லாததை எல்லாம் எண்ணி என்கிட்ட காசு பறிச்சிருக்கீங்க. இது திருட்டு! பச்சைத் திருட்டு!"

கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். எபியும் வருத்தத்தோடு தலையாட்டினார்.

ருக்சாருக்கு முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் குரல் உயரவில்லை.

"சார், ஆகஸ்ட் மாசம் முழுக்க ஒவ்வொரு என்ட்ரியும் இதுல இருக்கு. கவர் நம்பர், பேர், தொகை எல்லாம். நானும் எங்க மேனேஜரும் ரெண்டு நாள் உக்காந்து நீங்க வெச்சிருக்கற காலிக் கவரோட ஒப்பிட்டுப் பாத்தோம். ஒண்ணு கூட அதிகம் இல்ல சார். அத்தனையும் ஜனங்க போட்ட கவர்தான்."

சாலமோன் தாள்களைப் புரட்டினார். முதல் பக்கம் சரி. இரண்டாவது பக்கம் சரி. மூன்றாவது பக்கத்தில் அவருடைய மாதச் சந்தா கவரே இருந்தது. மெஷின் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. அப்படியானால் தப்பு யாருடையது? அவருடையதுதான். ஒரு நோட்டில் அடங்கிய கணக்கை ஊதிப் பெருக்கியவர் அவர்தானே. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மெதுவாக மேஜையில் வைத்தார்.

"என்னால முடியல ஐயா. மன்னிச்சுக்குங்க."

"வருத்தப்படாதீங்க வாத்தியாரே," என்று எபி எழுந்து அவர் முதுகைத் தட்டினார். "இந்த மெஷின் எல்லாம் நமக்கு எதுக்கு? கமிட்டி விரும்பினா நான் மறுபடி பாத்துக்கறேன். நோட்டு, பேனா, அவ்வளவுதான். மாசம் இருநூறு வரி."

"சேத்துச் சேத்து எழுதுவீங்களாண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"சேர்த்தா? அந்தப் பழக்கமே நம்மகிட்ட கிடையாது!" எபிக்கு லேசாக ரோஷம் வந்தது. "ஒரு கவர்னா ஒரு வரி. ஒம்பது வருஷத்துல ஒரு நாளும் ரெண்டு கவரை ஒண்ணா எழுதினதில்ல. வந்த கவர் அத்தனையும் அன்னிக்கே எழுதிடுவேன். வேணும்னா நோட்டைப் பாருங்க!"

கமிட்டிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். "அண்ணன் வேலைன்னா வேலைதான்" என்றார் ஒருவர். போதகர் நிம்மதியாக மூச்சு விட்டார். எபி அண்ணனே மறுபடி பொருளாளர் என்று தீர்மானம் எழுதச் செயலாளர் பேனாவைத் திறந்தார்.

ருக்சார் ஒரு நோட்டை எடுத்து ஆசையோடு புரட்டிக்கொண்டிருந்தாள். உண்மையிலேயே ஒரு வரிக்கு ஒரு கவர்தான். அழகான கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது.

"ஐயா, இந்தச் சபைல சந்தா கவர் எத்தினி குடும்பத்துக்குக் குடுத்திருக்கீங்க?" என்று போதகரிடம் கேட்டாள்.

"முந்நூத்தி எண்பத்தாறு குடும்பம்மா," என்றார் போதகர். இதைச் சொல்லும்போது அவருக்கு எப்போதும் பெருமை பொங்கும். "மாசாமாசம் எல்லாரும் தவறாம போட்டுடுவாங்க. வேணும்னா பழைய ஆளுங்களைக் கேட்டுப் பாரு. பதினஞ்சு இருபது வருஷமா பாக்கி வெச்ச குடும்பமே கிடையாது."

ருக்சார் நோட்டோடு எபியின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை, தொழில் கற்றுக்கொள்ளும் ஆர்வம்தான் இருந்தது.

"அப்ப அந்த வித்தையை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார், எங்க கஸ்டமருங்களுக்கெல்லாம் பில்லு குறையும். முந்நூத்தி எண்பத்தாறு கவரை இருநூறு வரியில எப்படி சார் எழுதினீங்க?"